கல்யாணி சிங்கும் ஒரு டிமாண்ட் டிராஃப்டும்

(மகளிர் நாளையொட்டி நமது சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக, செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. 38 வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து, "அடுத்தவர் வாங்க" என்று சொல்லித்தான் பழக்கம். பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். முதலில் ஒரு பழைய டி.வி. தொடரைப் பற்றிச் சொல்கிறேன். கடைசியில் நம் வடக்கு கேட்டைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போதே கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

1989இல் தூர்தர்ஷனில் "உடான்" என்று ஒரு இந்தித் தொடர் வந்தது. "பறத்தல்" என்று அர்த்தம். கல்யாணி சிங் என்ற பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஆகிற கதை. எழுதி, இயக்கி, கல்யாணியாக நடித்தவர் கவிதா சௌத்ரி. பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. சர்ஃப் விளம்பரத்தில் லலிதாஜி என்று ஒரு அம்மா கறாராகப் பேசுவாரே, அவர்தான்! கதையும் கற்பனை இல்லை. கவிதாவின் சொந்த அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சாரியாவின் வாழ்க்கையை வைத்து எழுதியது. நாட்டின் இரண்டாவது பெண் ஐ.பி.எஸ். அவர், 1973 பேட்ச். 2004இல் உத்தராகண்டின் டி.ஜி.பி. ஆனார். இந்தியாவிலேயே ஒரு மாநிலத்துக்கு முதல் பெண் டி.ஜி.பி. அவர்தான். முதல் பெண் ஐ.பி.எஸ். யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 2016 முதல் 2021 வரை நம் புதுச்சேரிக்குத் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி.

அப்போது நாங்கள் காரைக்காலில் வாடகை வீட்டில் இருந்தோம். மொட்டை மாடியில் ஆன்டெனா. தெற்கே திருப்பினால் இலங்கை ரூபவாஹினி கண்ணாடி மாதிரி தெரியும். தூர்தர்ஷனுக்குத் திருப்பினால் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். அந்த மழையில்தான் உடான் பார்த்தோம். வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. வங்கியில் நடத்திய இந்தி வகுப்பில் பரீட்சை எழுதி, அதற்குக் கிடைத்த படிக்காசு வாங்கியவன் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். பக்கத்தில் என் தங்கை உட்கார்ந்திருப்பாள். அப்போது அவளுக்கு 21 வயது, பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். நான் ஒரு வரியைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டால்கூட, "அண்ணே, இப்ப என்ன சொன்னா?" என்று விடமாட்டாள்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்த எதிர்வீட்டுக்காரரிடம் வி.சி.ஆர். இருந்தது. தங்கை கெஞ்சிக் கேட்டு, மூன்று கேசட்டுகளில் பதிவுசெய்து வாங்கிக்கொண்டாள். கல்யாணம் ஆகிப் போகும்போது அவற்றை எடுத்துப் போகவில்லை. என் பீரோவிலேயே கிடந்தன.

போன வருடம் பீரோவை ஒழிக்கும்போது கைக்கு வந்தன. நம் ஊர் உப்புக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? டேப் முழுக்கப் பூஞ்சை. தஞ்சாவூரில் ஒரு கடையில் கொடுத்து, இரண்டு கேசட்டை மட்டும் பென் டிரைவில் ஏற்ற முடிந்தது. தீபாவளிக்குத் தங்கை வந்திருந்தாள். நம் வீட்டு டி.வி.யில் போட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

இப்போது பார்க்கும்போது ஒன்று தெரிந்தது. இன்றைய போலீஸ் தொடர்களில் இருக்கிற ஆரவாரம் அதில் இல்லை. கார் துரத்தல் கிடையாது, மேஜையைத் தட்டி வசனம் கிடையாது. 1990இல் விஜயசாந்தி நடித்து வந்த "வைஜெயந்தி ஐ.பி.எஸ்." படத்தை நாமெல்லாம் விசில் அடித்துப் பார்த்தோம். அந்த மாதிரி சண்டையும் இதில் இல்லை. இருந்தாலும் மிடுக்கு இருக்கிறது. சத்தம் போடாமல், நேராக நின்று, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவதில் இருக்கிறது அந்த மிடுக்கு. கலெக்டராக வருகிறவர் சேகர் கபூர். பின்னால் "பண்டிட் குயீன்" எடுத்தாரே, அவரேதான்.

இன்னொன்றும் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கே வந்தேன். 30 வயதில் பார்த்தபோது என் கண்ணுக்குக் கல்யாணி மட்டும்தான் தெரிந்தாள். 66 வயதில் பார்க்கும்போது அவளுடைய அப்பா தெரிகிறார். விக்ரம் கோகலே நடித்த பாத்திரம். சொந்தக்காரர்களோடு சொத்துத் தகராறு. நியாயம் கேட்டு அலைந்து நொந்துபோன சாதாரண மனுஷர். அவர் கையில் பணமும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் மகள் மேலே போகும்போது குறுக்கே நிற்கவில்லை, பின்னால் நின்றார். அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. 1989இல் அவர் பேசியதை எல்லாம் தங்கைக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். என் காதில் மட்டும் விழவில்லை.

தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே போலீஸ் வேலைக்கு ஒரு விளம்பரம் வந்தது. தங்கை அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். விண்ணப்பத்தை அவளே அழகாகப் பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டி, கட்டணத்துக்கு டி.டி. எடுத்து வரச்சொல்லிப் பணத்தையும் கொடுத்தாள். நான் அன்றாடம் எத்தனை டி.டி. போட்டவன்! யார் யாரோ பிள்ளைகளுக்கு விண்ணப்பத்தைக்கூடப் பூர்த்தி செய்து கொடுத்தவன். அவளுடையதை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தேன். "அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள், மாப்பிள்ளை கிடைப்பானா, அப்பா என்னைத்தானே திட்டுவார்" என்று யோசனை. கடைசித் தேதி போய்விட்டது. "கவுன்டர்ல ஒரே கூட்டம் பாப்பா, மறந்துட்டேன்" என்றேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விளம்பரம் வருவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

பெண்கள் போலீஸ் வேலைக்குப் போவது அப்போது கேள்விப்படாத விஷயமும் அல்ல. தமிழ்நாட்டில் 1973இலேயே ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள்கள் என்று 22 பெண்களைச் சேர்த்துவிட்டார்கள். 1976 பேட்சில் லத்திகா சரணும் திலகவதியும் ஐ.பி.எஸ். ஆகிவிட்டார்கள். திலகவதி நம் தமிழ்நாட்டுப் பெண், எழுத்தாளரும்கூட. "கல்மரம்" நாவலுக்காக 2005இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியவர். லத்திகா சரண் 2006இல் சென்னை கமிஷனர், 2010இல் டி.ஜி.பி. ஆக, வழி இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நான்தான் அடைத்துக்கொண்டு நின்றேன்.

தீபாவளியன்று பார்த்து முடித்ததும் தங்கையிடம் சொன்னேன். "அன்னைக்கு மறக்கலை பாப்பா. வேணும்னேதான் எடுக்கலை." அவள் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தெரியும்ணே. நீ பேங்க்ல எதையும் மறந்ததில்லையே" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் தெரிந்தே வைத்திருந்திருக்கிறாள்! அப்புறம் எழுந்து போய்க் காபி போட்டு எடுத்து வந்தாள். வாராக்கடனை வங்கி ஒருநாள் தள்ளுபடி செய்துவிடும். இது என் கணக்கில் அப்படியே நிற்கிறது.

இப்போது வடக்கு கேட்டுக்கு வருகிறேன்.

நம் பி பிளாக்கில் ஒரு பெண் போலீஸ் தேர்வுக்குத் தயார் செய்கிறாள். எழுத்துத் தேர்வுக்கு அவளே படித்துக்கொள்வாள். உடல்தகுதித் தேர்வுக்கு ஓட வேண்டும். விடியற்காலை 5 மணிக்கு நம் உள்சாலையில் ஓடுகிறாள். புகார்ப் புத்தகத்தை நான் பார்த்தேன். "காலடிச் சத்தம்", "நாய் குரைக்கிறது", "பெண் பிள்ளை இருட்டில் ஓடுவது சரியில்லை" என்று மூன்று குறிப்புகள் இருக்கின்றன. எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்றாவது குறிப்பு நான் 1989இல் நினைத்ததுதான்.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் போய்விட்டார்கள், தொப்பி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. வருடாவருடம் ஆனியில் மாங்கனி இறைக்கிறோம். யாருக்காக? தன் வழியில் தனியாக நடந்துபோன ஒரு பெண்ணுக்காக. அம்மையாரைக் கும்பிடுகிற ஊரில், ஒரு பெண் காலால் ஓடுவதற்கு நாம் யோசிக்கலாமா?

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, வடக்கு கேட்டை 6 மணிக்குப் பதிலாக 5 மணிக்குத் திறக்க வேண்டும். அங்கிருந்து ஓடினால் வீடுகளுக்குத் தொந்தரவு இல்லை. இரண்டு, அந்தப் பக்கத்து விளக்குகளை விடியும்வரை எரியவிட வேண்டும். மின்கட்டணம் கூடினால், ஆறு மாதத்துக்கு அந்தக் கூடுதலை நான் தருகிறேன். மூன்று, காவலாளிக்குக் கூடுதல் வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம். 5 முதல் 6 வரை கேட் பக்கத்துப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எப்படியும் நாலரைக்கே தூக்கம் போய்விடுகிறது.

காஞ்சன் 2019 ஆகஸ்டில் காலமானார். கவிதா 2024 பிப்ரவரியில். அந்த இரண்டு சகோதரிகளும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். பொதுக்குழு தீர்மானம் அடுத்த மாதம். கை தூக்கும்போது உங்கள் வீட்டுப் பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவ் என்னிடம்தான் இருக்கிறது. விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை இதே கூடத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். இந்தி புரியாதவர்கள் என் பக்கத்தில் உட்காருங்கள். இந்தத் தடவை ஒரு வரியும் விடமாட்டேன்.