தோட்டம் கற்பித்த கொல்லாமை



சித்திரை வெயில் ஏறுமுன், சுந்தரபாண்டியபுரத்து எம் தோட்டத்தில் செம்போத்தும் தவிட்டுக்குருவியும் இரை தேடக் காண்பது என் வழக்கம். இவ்வாண்டு ஒருநாள், மாதுளைக் கிளையைக் கழிக்க அரிவாளை ஓங்கினேன். சருகெனத் தொங்கியது, சிலந்தி நூலால் பிணைத்த தேன்சிட்டுக் கூடு, உள்ளே குஞ்சுகள். கை நின்றது. கொல்லும் எண்ணம் எனக்கில்லை, ஆயினும் கொன்றிருப்பேன்.

தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பொலியும் கழுகுமலையும், அதன் பெயரிலுள்ள பறவையும் அன்று நினைவில் எழுந்தன. நம் நாட்டில் பாறுக் கழுகுகளை மிகுதியும் அழித்தது, மாட்டின் வலி தீர்க்க அளித்த டைக்ளோபினாக் மருந்து. அது தங்கிய பிணத்தைத் தின்றவை சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2006இல் அம்மருந்தைக் கால்நடைக்கு அளிப்பது தடை செய்யப்பட்டது. எவரும் கழுகைக் கொல்ல எண்ணியதில்லை.

கொல்ல எண்ணாதிருத்தலோடு, கை ஓங்குமுன் கண்கொண்டு பார்த்தலும் கொல்லாமையே. குஞ்சுகள் பறந்த பின்னரே அக்கிளையைக் கழித்தேன்.