காகிதப் பைக்குள் ஒரு மரம்
(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் 1973ஆம் ஆண்டு பிறந்தவர் யூக்கன் தெருயா. நியூயார்க்கில் பயின்ற இக்கலைஞர், கடைகளில் பொருளை இட்டுத் தரும் காகிதப் பைகளையே தம் கலைக்குரிய பொருளாகக் கொண்டார். மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் பையும், லூயி வித்தோன் என்னும் உயர்விலை நிறுவனத்தின் பையும் அவர் கையில் ஒரே நிலை பெறுகின்றன.

பையைக் கிடையாக வைத்து, மேற்பக்கத் தாளில் மரமொன்றின் கிளைகளையும் இலைகளையும் நுண்ணிய கத்தியால் வெட்டுகிறார். வெட்டிய பகுதியை உள்நோக்கி மடித்து நிறுத்துகிறார். மேலே உண்டான துளைகளின் வழியே ஒளி இறங்கி, உள்ளே நிற்கும் சிறுமரத்தின்மேல் படுகிறது. காண விரும்புவோர் பையின் வாய்க்கு நேரே குனிந்து நோக்க வேண்டும்.

மரத்தைக் கூழாக்கித் தாள் செய்கிறோம். தாளைப் பையாக்கிப் பெயரை அச்சிடுகிறோம். பெயர் ஏறியவுடன் மரம் மறந்துபோகிறது. மரத்தை ஓரறிவுயிர் எனப் போற்றும் மரபினராகிய நமக்கு இம்மறதி சிறிதன்று. தாள் தாளே, உயர்வும் தாழ்வும் அதன்மேல் உள்ள எழுத்தில் நாம் ஏற்றியவை. பொருள் நம் தேவைக்காக; பெயரோ பிறர் கண்ணுக்காக. தேவைக்கு எல்லை உண்டு. பிறர் கண்ணுக்கு ஏது எல்லை?

இக்கலைப்படைப்பும் விலைபோகும் பொருள்தானே என்று ஒருவர் வினவலாம். உண்மையே. இதனையும் பெருமைக்காக வாங்குவோர் இருக்கக்கூடும். கலை ஆசையை அறுத்துவிடாது. அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டும். அறுப்பது நம் கடமை.

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. பொருளே கூடாதென்று அது கூறவில்லை. இவ்வளவு போதும் என முன்னரே வரையறுத்துக்கொள்ளச் சொல்கிறது. திருமணச் சீரில் வரும் பைகளின் பெயரைக் கொண்டு ஓர் இல்லத்தின் தகுதியை அளக்கத் தொடங்கினால், வசதி குறைந்த உறவினர் கடன்பட்டேனும் அப்பெயரை வாங்க முற்படுவர். நம் ஆடம்பரத்தின் சுமை அவர்கள் தலையில் ஏறும். நாம் அவர்களைத் துன்புறுத்த எண்ணியதில்லை. ஆயினும் துன்பம் நம்மால் விளைந்ததே.

ஆகவே, இல்லத்து மங்கல நிகழ்ச்சிக்குக் கடைக்குச் செல்லுமுன், குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் உடனிருக்கட்டும். போதும் என்ற சொல்லைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, பையின்மேல் எழுதிய பெயர் பெரிதாகத் தோன்றாது.