விஷத்தூளைச் சோதிக்கும் முறை



பூச்சிமருந்துத் தூளைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ள நம் எல்லோருக்கும் தெரியும். அது வெடிக்கக்கூடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எரியக்கூடிய எந்தத் தூளும், சர்க்கரையும் மாவுங்கூட, மூடிய இடத்தில் காற்றிலே பரவி நிற்கும்போது பொறி பட்டால் வெடிக்கும். 1785-ல் இத்தாலியின் டூரின் நகரில் மாவுக் கிடங்கு வெடித்தது. 2008-ல் அமெரிக்காவில் சர்க்கரை ஆலை வெடித்து 14 தொழிலாளர்கள் மாண்டனர். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில், மாத்திரைகளில் சேர்க்கும் தூள் தயாரித்த ஆலையில் நடந்த வெடிப்பில் 40-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பறிகொடுத்தோம்.

மேஸ்திரி ஒரு சிட்டிகைத் தூளை நெருப்பிலே போட்டு, "பார், கருகுகிறதே தவிர வெடிக்கவில்லையே" என்பார். இது கண்கட்டு வித்தை! குவியலுக்குள் காற்று புகாது. மேற்புறம் மட்டும் எரியும். பரவிய தூளில் துகள் ஒவ்வொன்றையும் காற்று சூழ்ந்திருப்பதால் எல்லாம் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். அது மட்டுமா? விஷத்தூளின் புகையும் விஷம். கந்தகம் எரிந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு. குளோரின் கலந்த மருந்து எரிந்தால் அமில ஆவி. ஆகவே நாமே கொளுத்திப் பார்க்கும் பேச்சே வேண்டாம்.

சோதனைச்சாலையில் 20 லிட்டர் கொள்ளும் எஃகு உருண்டைக்குள் காற்றழுத்தத்தால் தூளைத் தூவி, நடுவிலே கொளுத்தி, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளக்கிறார்கள். எவ்வளவு சிறிய பொறி போதும் என்பதற்குத் தனிக் கருவி உண்டு. சில தூள்களுக்கு நம் உடம்பில் ஏறும் நிலைமின்சாரமே போதும். விஷத்தூளானால், கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள் எடை போட வேண்டும். வெளியேறும் காற்றை வடிகட்ட வேண்டும். வெடித்த பிறகு உருண்டையைத் திறந்து கழுவும் வேலைதான் பொல்லாதது. கழுவுகிறவரும் தொழிலாளிதான், அவருக்கும் முகமூடி வேண்டும், காற்று உறிஞ்சி வேண்டும்.

சூது நடப்பது மாதிரி எடுப்பதில்தான். சாக்கிலுள்ள கரடான, ஈரத் தூளை அனுப்பினால் 'ஆபத்தில்லை' என்று சீட்டு வந்துவிடும். உத்தரத்தில் படிந்த, தூசி உறிஞ்சியில் சேர்ந்த, உலர்ந்த நுண்தூளையல்லவா அனுப்ப வேண்டும்?

வெடிக்கும் தூசியை அடைத்து வை, சேரவிடாதே, பொறியை அண்டவிடாதே என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-வது பிரிவே முதலாளிக்குக் கட்டளையிட்டது. எந்தத் தூள் வெடிக்கும் என்று சோதிக்காமல் இதை எப்படி நிறைவேற்ற முடியும்?

மாதிரி எடுக்கையில் சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும். சோதனை அறிக்கையைத் தமிழில் ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இவ்விரண்டையும் போனஸ் கோரிக்கையோடு சேர்த்தே வைக்கிறோம்.