கைப்பக்குவமும் கணக்கும்

(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

“பிஸ்கட் செய்வது பற்றிப் பேசுங்கள்” என்று சங்கச் செயலாளர் சொன்னபோது, “இதுக்கு ஒரு மேடை வேணுமா?” என்று என் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மனையியல் படிக்கிறோம் என்றால், “ஓ, சமையல் படிப்பா?” என்று கேட்காதவர் யார்? அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு பெண்மணியைப் பற்றி. சாக்லேட் துண்டுகள் போட்ட குக்கீயை இன்று உலகம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். அதை உருவாக்கியவர் ரூத் வேக்ஃபீல்ட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் கல்லூரியில், நம்மைப்போலவே மனையியல் படித்து, 1924இல் பட்டம் பெற்றவர். 1930இல் கணவரோடு சேர்ந்து விட்மன் என்ற ஊரில் ‘டோல் ஹவுஸ்’ விடுதியைத் தொடங்கினார். அங்கேதான் 1930களில் இந்தக் குக்கீ பிறந்தது. ஆனால் ஊர் உலகம் என்ன கதை கட்டியது தெரியுமா? “சாக்லேட் தீர்ந்து போச்சு, கையில் கிடைத்ததை உடைச்சுப் போட்டாங்க, உருகும்னு நினைச்சாங்க, உருகலை, தற்செயலா வந்துடுச்சு” என்று! அவரோ, வழக்கமாகத் தரும் பிஸ்கட்டுக்குப் பதில் வேறொன்று தரவேண்டும் என்று யோசித்துச் செய்ததாகத்தான் சொன்னார். படித்து, அளந்து, முயன்று செய்ததைத் தற்செயல் என்கிறார்கள். நம் ஊரில் அதற்கு இன்னும் அழகான பெயர் உண்டு: கைப்பக்குவம்.

கைப்பக்குவம் என்பது நல்ல பாராட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு குறை. அது அந்தக் கையோடு போய்விடும். பாட்டி செய்த நெய் பிஸ்கட்டின் அளவு கேட்டால், “கண்ணளவுதாம்மா” என்பார். பாட்டிக்குப் பிறகு அந்த பிஸ்கட் இல்லை. படித்த பெண்களாகிய நாம் கைப்பக்குவத்தைக் கணக்காக மாற்றிவைக்க வேண்டும் என்பதே என் பேச்சின் சாரம்.

கணக்கு என்றால் பயப்படாதீர்கள். 3, 2, 1. அவ்வளவுதான்! மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு பொடித்த சர்க்கரை. எல்லாம் எடைக் கணக்கு. 300 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. மொத்தம் 600 கிராம் மாவு. 15 கிராம் வீதம் உருட்டினால் 40 பிஸ்கட். ‘கப்’ கணக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? அதே கப்பில் மாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம் நிற்கும். அழுத்தி நிரப்பினால் 150 கிராம் நிற்கும். நேற்று வாயில் கரைந்த பிஸ்கட் இன்று கல்லாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு சின்னத் தராசு வாங்குங்கள்.

அடுத்தது வெண்ணெய். புத்தகங்களில் “அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்” என்று போட்டிருக்கும். எந்த அறை? அதை எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் அறை 20 டிகிரி. நம் மே மாதத்து அடுப்படி 35 டிகிரிக்கு மேல்! அங்கே வெளியே வைத்தால் வெண்ணெய் இளகாது, உருகியே போகும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பதன் நோக்கமே உள்ளே காற்றைச் சிறைப்பிடிப்பது. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. பிஸ்கட் தட்டில் பரந்து ஓடிவிடும். ஆகவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் போதும், விரல் வைத்தால் குழி விழ வேண்டும், எண்ணெய் ஒட்டக்கூடாது. பிசைந்த மாவையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

மைதாவைச் சேர்த்த பிறகு சப்பாத்தி மாவு மாதிரி பிசையாதீங்க. பிசையப் பிசைய குளூட்டன் வலுவாகும். பரோட்டாவுக்கு அது வேணும். பிஸ்கட்டுக்கு அது எதிரி. ஒன்று திரண்டதும் கையை எடுத்துவிட வேண்டும். கேழ்வரகு மாவில் குளூட்டன் கிடையாது. அதனால் முழுக்கப் போட்டால் உதிரும். மைதாவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். இன்னொன்று: பச்சை மாவைக் குழந்தைகள் நக்கிச் சாப்பிட விடாதீர்கள். முட்டையில் மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

அவனை 170 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி, 15 நிமிடம் வையுங்கள். திருகியில் 170 என்று இருந்தாலும் உள்ளே 150 இருக்கலாம், 190 இருக்கலாம். அவன் வெப்பமானி ஒன்று உள்ளே வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். தொட்டால் மெதுவாகத்தான் இருக்கும். “வேகலையே” என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். தட்டின் சூட்டிலேயே வெந்து, ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். ஐந்து நிமிடம் கழித்துக் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். தட்டையான பாத்திரத்திலேயே ஆறவிட்டால் அடியில் ஆவி தங்கி நமத்துப் போகும். சூட்டோடு டப்பாவில் அடைத்தாலும் அதே கதிதான்.

இனி அலங்காரம். இங்கேதான் பொறுமை வேண்டும். முழுவதும் ஆறாத பிஸ்கட்டில் ஐசிங் போட்டால் வழிந்துவிடும். எளிமையானது வேண்டுமா? 200 கிராம் ஐசிங் சர்க்கரையில் எலுமிச்சைச் சாறோ பாலோ துளித்துளியாக விட்டுக் குழையுங்கள், சுமார் 30 மில்லி பிடிக்கும். கெட்டியாகக் காயும் ராயல் ஐசிங்குக்குப் பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய முறை. அதில் சால்மொனெல்லா கிருமி அபாயம் இருப்பதால் மெரிங் பவுடரே நல்லது. கடலோர ஊர் ஈரக்காற்றில் இது காய ஓர் இரவு ஆகும். அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து, வண்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சாக்லேட்டில் தோய்ப்பவர்களுக்கு மூன்று எண்கள். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்கி, கிளறிக்கொண்டே 27க்கு ஆறவிட்டு, மீண்டும் 31க்கு ஏற்றவேண்டும். அப்போதுதான் கோகோ வெண்ணெய் சரியான படிகமாக உறைந்து பளபளக்கும். இல்லையேல் மேலே சாம்பல் பூத்த மாதிரி ஆகும். காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு இந்தப் பாடு இல்லை, உருக்கித் தோய்க்கலாம். சுவையில் வித்தியாசம் உண்டு, அதைக் கேட்பவரிடம் மறைக்காதீர்கள்.

தங்கைகளே, உங்களில் சிலர் இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கலாம். வீட்டிலிருந்து விற்பதானாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அவசியம். அந்த 14 இலக்க எண்ணும், சேர்மானங்களும், எடையும், செய்த தேதியும், எந்தத் தேதிக்குள் உண்ணவேண்டும் என்பதும், சைவ அல்லது அசைவக் குறியும் டப்பாவில் இருக்கட்டும். கோதுமை, பால், முந்திரி, நிலக்கடலை சேர்ந்திருப்பதையும் தெளிவாகப் போடுங்கள்; ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும்.

விலை போடும்போது மைதா, வெண்ணெய், மின்சாரம், டப்பா எல்லாவற்றையும் எழுதுவீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடுவீர்கள்: உங்கள் நேரம். “வீட்ல சும்மாதானே இருக்கேன்” என்பீர்கள். 40 பிஸ்கட் செய்து, ஐசிங் போட்டு, காயவைத்து, அடுக்க எத்தனை மணி நேரம் ஆனது என்று தாளில் எழுதி, அதற்கும் ஒரு கூலி போடுங்கள். அதன் பிறகும் லாபம் நின்றால்தான் அது தொழில். நிற்கவில்லை என்றால், நீங்கள் உங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கைப்பக்குவம் என்று புகழ்பவர்கள் இந்தக் கணக்கைக் கேட்கமாட்டார்கள். நாம்தான் போட வேண்டும்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் ‘கண்ணளவு’ என்று இருக்கும் ஒரே ஒரு பலகாரத்தைக் கிராமில் நிறுத்து, டிகிரியும் நிமிடமும் குறித்து எழுதிக்கொண்டு வாருங்கள். அம்மா அள்ளிப் போடும்போது குறுக்கே ஒரு தராசை வைத்தால் போதும். முதலில் திட்டுவார்கள், பிறகு அவர்களே எடை பார்ப்பார்கள். அவற்றைத் தொகுத்து நம் துறை ஆய்வகத்தில் வைப்போம். இங்கே படிக்க வரும் பெண்கள் அதைப் பார்த்துச் செய்து, தங்கள் திருத்தத்தையும் அதில் எழுதட்டும். “சமையல் படிப்பா?” என்று யாராவது கேட்டால், அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். கூடவே ஒரு பிஸ்கட்டும் கொடுங்கள்.