பெருநாளின் களைப்பும் அடைபட்ட வாசல்களும்

(ரமளானின் கடைசி ஜும்ஆவில் நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

 

ரமளானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் நபி (ஸல்) அவர்கள் கச்சையை இறுகக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் வணங்குவார்கள், தம் குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. நாமும் அந்தப் பத்து நாட்களில் உறங்குவதில்லை. ஆனால் விழித்திருப்பது அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும் உள்ள ஜவுளிக்கடைகளில்! இருபது நோன்புவரை அமைதியாக இருந்த வீட்டில் இருபத்தொன்றாம் நோன்பிலிருந்து குரல் உயர்கிறது. கணவன் பணக்கணக்குப் பார்க்கிறான், மனைவி முகம் வாடுகிறாள், பிள்ளைகள் அடம்பிடிக்கின்றனர். பெருநாள் எப்போது முடியும் என்று பெருமூச்சு விடும் குடும்பத் தலைவர்களை நான் அறிவேன்.

மகிழ்ச்சிக்காக அருளப்பட்ட நாள் சுமையாக மாறியது எப்படி? ஷரீஅத் நம்மிடம் கேட்பது என்ன என்பதை முதலில் பாருங்கள். குளிக்க வேண்டும். இருப்பதில் நல்ல ஆடையை அணிய வேண்டும். ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களை உண்டு, தக்பீர் கூறியவாறு தொழுகைக்குச் செல்ல வேண்டும். ஒரு வழியாகச் சென்று மறுவழியாகத் திரும்ப வேண்டும். வசதியுள்ளோர் ஃபித்ரா கொடுக்க வேண்டும். இவற்றில் எதற்காக நகையை அடகு வைக்க வேண்டியிருக்கிறது? குடும்பம் முழுவதற்கும் ஒரே நிறத்தில் ஆடை, சம்பந்தி வீட்டுக்குத் தட்டுத் தட்டாகச் சீர், சென்ற ஆண்டைவிட ஒரு படி கூடுதலான விருந்து ஆகியவையெல்லாம் நாமே நம் தலையில் ஏற்றிக்கொண்டவை. பகலில் ஹலாலான தண்ணீரைக்கூட அருந்தாமல் இருந்துவிட்டு, மாலையில் வட்டிக்குப் பணம் வாங்கிப் பெருநாள் கொண்டாடுவதை நோன்பின் பயன் என்று எந்த மனசாட்சியோடு சொல்வது?

பெண்கள் நிலையையும் சொல்லியாக வேண்டும். பிறை தெரிந்தது முதல் இஞ்சி பூண்டு உரிக்க அமர்பவர்கள், பெருநாள் பகலில் கடைசி விருந்தாளி கை கழுவிய பிறகே உண்கிறார்கள். வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள் (புகாரி). அண்டா தூக்கவும் வெங்காயம் நறுக்கவும் ஆண்களின் கைகளுக்கு மார்க்கத்தில் தடை ஏதுமில்லை.

ஆயினும் சகோதரர்களே, செலவையும் வேலையையும் குறைத்துவிட்டால் மட்டும் இந்தக் களைப்பு தீர்ந்துவிடாது. பெருநாளன்று மனத்தை அழுத்தும் பெரும் பாரம் வேறொன்று. தொழுகை முடிந்ததும் இருநூறு பேரைக் கட்டித்தழுவி முஆனகா செய்கிறோம். இரண்டு ஸஃப் தள்ளி நிற்கும் உடன்பிறந்தவனைக் கண்டதும் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறோம். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று இரவுகளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது. இருவரும் சந்தித்து, இவர் அந்தப் பக்கமும் அவர் இந்தப் பக்கமும் முகம் திருப்பும்போது, முந்திக்கொண்டு ஸலாம் சொல்பவரே அவ்விருவரில் சிறந்தவர் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் மொழிந்ததாக அபூஅய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்று இரவுகள்தான் அனுமதி. நம்மில் சிலர் பதின்மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டனர்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பெய்தும் கண்மாய் நிறையாவிட்டால் நாம் வானத்தைக் குறை சொல்வதில்லை. வரத்துக்கால் எங்கே கருவேலம் மண்டி அடைபட்டுக் கிடக்கிறது என்று பார்க்கிறோம். திங்கள், வியாழன் ஆகிய நாட்களில் சுவனத்தின் வாயில்கள் திறக்கப்பட்டு அடியார்கள் மன்னிக்கப்படுகிறார்கள் என்றும், பகைத்துக்கொண்ட இருவரின் விவகாரம் மட்டும் அவர்கள் சமாதானமாகும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. அருள் மழைக்குக் குறைவில்லை, அடைப்பு நம் பக்கத்தில்தான்.

“அவன் செய்தது சிறிய குற்றமா, ஹஜ்ரத்?” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். மிஸ்தஹ் (ரலி) அவர்களின் ஏழை உறவினர். அவருடைய செலவை அபூபக்ர் (ரலி) அவர்களே ஏற்றிருந்தார்கள். நயவஞ்சகர்கள் அன்னை ஆயிஷா (ரலி) மீது அவதூறு கிளப்பியபோது, அந்த மிஸ்தஹும் அதைப் பேசியவர்களில் ஒருவராகிவிட்டார். பெற்ற மகளின் மானத்தைவிடப் பெரிய விஷயம் ஒரு தந்தைக்கு ஏது? இனி இவருக்கு எதுவும் தரமாட்டேன் என்று ஸித்தீக் அவர்கள் சத்தியம் செய்தார்கள். அப்போது அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இறங்கியது. வசதி படைத்தோர் உறவினருக்குக் கொடுப்பதை நிறுத்தச் சத்தியம் செய்ய வேண்டாம், மன்னிக்கட்டும் என்று கூறி, அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்ற கேள்வியை அது முன்வைத்தது. விரும்புகிறேன் என்று சொல்லி, அவர்கள் பழையபடி மிஸ்தஹுக்குக் கொடுக்கலானார்கள். நம் ஊர்ச் சண்டைகளில் எத்தனை இந்த அளவுக்கு வரும்? பெரும்பாலும் வரப்பு, பாதை, திருமணத்தில் யாரோ யாரையோ அழைக்கவில்லை என்பவைதாமே!

ஆனால் ஒரு வழக்கு அப்படிப்பட்டதன்று. அதில் ஸலாம் மட்டும் போதாது. அதைத்தான் இன்று வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்.

அத்தா மரணித்த பிறகு அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். சகோதரியை அழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகின்றனர். அவளும் போடுகிறாள். மறுத்தால் தாய்வீட்டு வாசல் தனக்கு அடைபட்டுவிடும் என்ற அச்சம் அவளுக்கு. பிறகு ஆண்டுதோறும் அவளுக்குப் பெருநாள் சேலை செல்கிறது. அவள் வருவதோ குறைந்துகொண்டே போகிறது. “அக்கா முன்போல் பழகுவதில்லை” என்று இவர்கள் வருந்துகின்றனர்!

உஹுத் போரில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி தம் இரு மகள்களுடன் நபியவர்களிடம் வந்து, பிள்ளைகளின் சொத்து முழுவதையும் அவர்களின் சிறிய தந்தை எடுத்துக்கொண்டதாக முறையிட்டார். வாரிசுரிமை வசனங்கள் இறங்கின. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறிய தந்தையை அழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் (திர்மிதி, அபூதாவூத்). “நம்முடையது மானாவாரிப் புஞ்சை, இதில் பங்கிட என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கின்றனர். குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் தரும் தீர்ப்பு. நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதன்று. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விடுபட்டிருந்தது. சென்னை மாகாணம் 1949இல் அச்சட்டத்தைத் திருத்தி விவசாய நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆகவே அந்தப் புஞ்சையில் அவளுடைய பங்கு அவளுடையதுதான். மனமுவந்து அவள் விட்டுக்கொடுத்தால் அது வேறு. முதலில் பங்கை அளந்து அவள் கையில் கொடுங்கள், பிறகு அவள் விருப்பம். இதைச் செய்யாமல் கொண்டு செல்லும் பிரியாணிச் சட்டியால் அந்த உறவு சேராது.

வெளிநாட்டிலிருந்தும் சென்னை, திருப்பூர் போன்ற நகரங்களிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட நாள் வெளியூரில் இருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்துள்ளார்கள். வீட்டாருக்கு ஆயத்தமாக அவகாசம் வேண்டும் என்பதே காரணம். இதே நளினத்தை உறவினர் வீடுகளிலும் கடைப்பிடியுங்கள். வருவதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே நாளில் பத்து வீடுகளில் நின்றபடி காசு கொடுத்துத் திரும்புவதைவிட, மூன்று வீடுகளில் அமர்ந்து பேசுவது மேல். மாமு ஒருவர் பேச்சை முடிக்குமுன் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். ஒரே வாழ்த்துப் படத்தை வாட்ஸ்அப்பில் முந்நூறு பேருக்கு அனுப்புவதையும் உறவைச் சேர்ப்பதாக எண்ணிவிடாதீர்கள்.

பழைய நண்பர்களை நாடிச் செல்வதும் ஸுன்னத்தான செயலே. அன்னை கதீஜா (ரலி) மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், ஆடு அறுத்தால் அதைத் துண்டு போட்டு கதீஜாவின் தோழியருக்கு நபியவர்கள் அனுப்பி வைப்பார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டு, தாம் ஏறும் கழுதையையும் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் சிறிதளவு கிடைத்தாலே திருப்தியடைவார்களே என்று உடன் வந்தவர்கள் வியந்தபோது, அவருடைய தந்தை என் தந்தை உமரின் நண்பர் என்று விளக்கமளித்தார்கள் (முஸ்லிம்). உங்கள் அத்தாவோடு மூட்டை சுமந்தவர், வண்டி ஓட்டியவர், ஒரே பெஞ்சில் படித்தவர் இன்றும் இவ்வூரில் இருக்கலாம். அவர் மாற்றுமதச் சகோதரராக இருந்தாலும் செல்லுங்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டையிலிருந்த யூதருக்குக் கொடுத்தீர்களா என்றே அவர்கள் கேட்டார்கள். மாமன், மச்சான் என்று முறை வைத்து அழைத்துப் பழகிய மண் இது.

2020ஆம் ஆண்டு மே 25 அன்று நோன்புப் பெருநாளை எப்படிக் கழித்தோம் என்பது நினைவிருக்கும். பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன, வீட்டுக்குள்ளேயே தொழுதோம். கட்டித்தழுவ ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கினோம். அன்று ஏங்கியவர்களில் சிலர் இன்று நம் கபருஸ்தானில் இருக்கிறார்கள். அவர்களோடு பேசாமலிருந்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. மரணித்தவருக்காக துஆ செய்யலாம், அவருக்குத் தர வேண்டியிருந்ததை அவர் பிள்ளைகளிடம் சேர்க்கலாம், அவர் நேசித்தவர்களை நேசிக்கலாம்.

இறுதியாக ஃபித்ரா குறித்து. அதைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பெற்றோர், பிள்ளைகள் நீங்கலாக, ஏழை உறவினருக்கு அதைக் கொடுக்கலாம். ஏழைக்குக் கொடுத்தால் தர்மத்தின் நன்மை. உறவினருக்குக் கொடுத்தால் தர்மம், உறவைச் சேர்த்தல் என இரு நன்மைகள். பேச்சுவார்த்தை அற்றுப்போன உறவினர் எவரேனும் வறுமையில் இருப்பதாகத் தெரிந்தால், இவ்வாண்டு ஃபித்ராவைப் பிறரிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே எடுத்துச் செல்லுங்கள். ஃபித்ரா என்று அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிய்யத் போதும். ஸலாம் சொல்லி, பிள்ளைகளின் பெயரைக் கேட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். நோன்பு வைத்திருப்பீர்கள் என்பதால் மஃரிபுக்குப் பிறகு செல்வது நல்லது.