'சரி'ன்னு சொன்னா போதாது



விமானப் பயிற்சிக் கழக நண்பர்கள் நாளைக்குக் குழுவாகச் சென்னை வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தைப் பார்க்கப் போறீங்க. அடையாள அட்டையின் அசலை மறக்காம எடுத்துக்கோங்க. அனுமதி இல்லாம செல்போனில் படம் எடுக்காதீங்க.

அங்கே மூன்று விதமான வேலை நடக்கும். கோபுரத்தில் இருப்பவர்கள் ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து, விமானம் ஏறவும் இறங்கவும் அனுமதி கொடுப்பாங்க. 'அப்ரோச்' பிரிவு, நிலையத்துக்கு வருகிற, கிளம்புகிற விமானங்களை ரேடாரில் பார்த்து வரிசைப்படுத்தும். 'ஏரியா' பிரிவு, உயரத்தில் நெடுந்தூரம் போகிற விமானங்களைக் கவனிக்கும். நாட்டின் நான்கு பெரிய வான் தகவல் மண்டலங்களில் சென்னை ஒன்று. வங்கக் கடலின் ஒரு பகுதியும் அதில் சேரும்.

இதையெல்லாம் பார்ப்பதைவிட முக்கியம், அவர்கள் பேசுவதைக் காதால் கேட்பது. '3,000 அடிக்கு இறங்குங்கள்' என்று கட்டுப்பாட்டாளர் சொன்னால், விமானி 'சரி'ன்னு மட்டும் சொல்லி விடமாட்டார். '3,000 அடிக்கு இறங்குகிறேன்' என்று தன் விமானத்தின் அழைப்புப் பெயரோடு திருப்பிச் சொல்வார். கட்டுப்பாட்டாளர் அதைக் கவனித்துக் கேட்டு, தப்பிருந்தால் அங்கேயே திருத்துவார். நடுக்கடலில் ரேடார் எட்டாத இடத்தில், செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தி போகும். அதற்கும் விமானி பதில் அனுப்பியே ஆகணும். நம்ம வாட்ஸ்அப்பில் வருகிற நீல டிக் மாதிரி, பார்த்துட்டார்னு தெரிஞ்சா மட்டும் அங்கே போதாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், பனிமூட்டத்துக்கு நடுவே ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதின. 583 பேர் இறந்தாங்க. ஒரு விமானம், ஏறுவதற்கான அனுமதி கிடைக்காமலே ஓட ஆரம்பித்திருந்தது. அதன் துணை விமானி சொன்ன வாக்கியம் தெளிவாக இல்லை. கோபுரத்திலிருந்து வந்த பதிலோ 'ஓகே' என்று தொடங்கியது. அடுத்து வந்த எச்சரிக்கை, வேறொரு குரல் குறுக்கிட்டதால் சரியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க வானொலிப் பேச்சு விதிகள் இறுகின. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டும்தான் பயன்படுத்தணும்.

வானொலியே பழுதானால்? கோபுரத்தில் ஒரு விளக்குத் துப்பாக்கி இருக்கும். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டு வட்டமடிக்கணும். அதைக் காட்டச் சொல்லிப் பாருங்க.

விமானமே ஓட்டாதவங்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும். சாலையில் ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கிறார், நீங்க 108-க்குப் போன் பண்றீங்க. ஊர், சாலை, பக்கத்தில் இருக்கிற அடையாளம் எல்லாத்தையும் நிதானமா சொல்லுங்க. 'நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்க' என்று கேளுங்க. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால், தவறு அப்பவே தெரிஞ்சிடும். அவங்க சொல்கிற வழிமுறையையும் நீங்க திருப்பிச் சொல்லிட்டு, அதற்குப் பிறகு போனை வையுங்க.