வாழைத்தண்டில் ஒரு விளக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், வாழை நில்லாத வளவைக் காண்பது அரிது. குலையை வெட்டியதும் மரத்தைச் சாய்த்து விடுகின்றார்கள். தண்டிற் சிறிது கறிக்கு ஆகும். எஞ்சியது மண்ணோடு மண்ணாக மக்கிப் போகும். அவ்வாறு எறியப்படும் தண்டைக் கொண்டே விளக்கேற்றலாம் என்பதைக் களனிப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் ஆய்வாளர் கே. டி. ஜயசூரியவும் அவர் குழுவினரும் காட்டினார்கள்.

இதன் அடிப்படை புதியதன்று. 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ற்றா, நாகத் தகட்டையும் வெள்ளி அல்லது செப்புத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். வாவியின் உவர்நீரும் அவ்வேலைக்கு ஆகும். தேசிக்காய்ச் சாறும் ஆகும். தேசிக்காயிலே நாகமுலாம் பூசிய ஆணியொன்றையும் செப்புக் கம்பியொன்றையும், ஒன்றையொன்று தொடாதவாறு குத்தினால், ஏறக்குறைய 0.9 வோல்ற்று கிடைக்கும். சிவப்பு எல்.ஈ.டி. விளக்கொன்றுக்கு 2 வோல்ற்று அளவில் வேண்டுமாதலின், மூன்று நான்கு காய்களைத் தொடராக இணைத்தல் வேண்டும். ஒன்றின் செப்பை அடுத்ததன் ஆணியோடு சேர்ப்பதே முறை.

ஆயினும் பச்சைக் காயும் கிழங்கும் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுக்கின்றன. உருளைக்கிழங்கை அவித்தால் கிடைக்கும் வலு பத்து மடங்கு வரை பெருகும் என எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2010இல் கண்டனர். வெப்பத்தினாலே கிழங்கின் நுண்ணறைகள் சிதைந்து, மின்னேற்றமுள்ள துகள்கள் தடையின்றிச் செல்வதே காரணம். களனி ஆய்வாளர் அம்முறையையே வாழைத்தண்டிற்குக் கையாண்டனர். அவித்து நறுக்கிய தண்டு, உலராமற் பேணப்பட்டால், ஓர் எல்.ஈ.டி. விளக்கை 500 மணித்தியாலத்துக்கு மேல் எரியச் செய்தது.

இங்கே பலர் ஒன்றைத் தவறாக விளங்கிக் கொள்கின்றனர். மின்சக்தி காயிலோ தண்டிலோ உறைந்து கிடப்பதன்று. நாகமே கரைந்து அச்சக்தியைத் தருகின்றது. தண்டு அதற்கு வழிவிடுகின்றது, அவ்வளவே. ஆகவே தண்டு விலையின்றிக் கிடைப்பினும் நாகத்துக்கு விலையுண்டு. நாகம் கரைந்த தண்டை மனிதர் உண்பதும் மாட்டுக்கு இடுவதும் ஆகாது.

1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியபோது வீடுகள் இருளில் மூழ்கின. அத்தகைய இரவொன்றில் இச்சிறு விளக்கு வீட்டை ஒளிமயமாக்காது. கதவு எங்கே, குழந்தை எங்கே என்று காட்டும். அதைச் செய்யத் தெரிந்த பிள்ளையொன்று ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நன்று.